ஒற்றைக் காதுக்கு ஒரு சிடி பிளேயர்

எனக்கு வலது காது கேட்காது. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் இரண்டும் உப்பின. வீக்கம் வடிந்தபோது அந்தக் காதையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. இதைச் சொன்னதும் சிலர் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு உச்சுக் கொட்டுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. இன்னொரு காது நன்றாக இருக்கிறதே, அது போதாதா? அதிலும் நான் பள்ளிக்கூட டீச்சர். மதிய உணவு மணி அடித்த பிறகு வகுப்பில் எழும் சத்தத்தைப் பாதியாகக் கேட்பது ஒரு வரம் என்றுதான் சொல்வேன்.

பெண் பார்க்க வந்த அன்று, காது விஷயத்தை வாயைத் திறந்து சொல்லிவிடாதே என்று அம்மா காலையிலிருந்து படித்துப் படித்துச் சொன்னாள். நான் காபித் தட்டைக் கீழே வைத்த கையோடு சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையாக வந்தவர் மட்டும், "எந்தக் காது?" என்று கேட்டார். "வலது" என்றேன். எனக்கு வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு, "இப்ப நல்லாக் கேக்குதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அவர் எனக்கு இடது பக்கத்து ஆள். கேம்ப் ரோட்டில் நடந்தால் சாலையின் வலது ஓரமாகத்தான் நடப்போம். எதிரே வருகிற லாரிக்கும் எனக்கும் நடுவில் அவர் வருவார், பேசிக்கொண்டே. தேவாலயத்தில் ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் என்பதால் அங்கே மட்டும் இந்த ஏற்பாடு செல்லாது. பாடகர் குழுவில் நான் வரிசையின் வலது கோடியில் நின்றுகொள்வேன். மற்றவர்கள் எல்லாரும் என் இடது பக்கம் வந்துவிடுவார்கள்.

ஸ்கூட்டர்தான் பெரிய தொல்லை. புடவை கட்டிக்கொண்டு பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தால் முகம் சாலையின் இடது பக்கம் பார்க்கும், செவிட்டுக் காது வண்டி ஓட்டுகிறவர் பக்கம் இருக்கும். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை அவர் சொன்ன கதை ஒன்றுகூட என் மண்டையில் ஏறியதில்லை. சிக்னலில் நிற்கும்போது அவர் திரும்பி, "என்ன சொல்றே?" என்பார். "எதுக்கு என்ன சொல்றேன்?" என்பேன். பச்சை விழுந்துவிடும். எங்கள் சண்டைகளில் பாதி ஜி.எஸ்.டி. ரோட்டில் இப்படித்தான் தொடங்கியது.

கல்யாணமான புதிதில் பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். எண்பதுகளின் தொடக்கம். வீட்டில் நாங்கள் இருவர்தான், கடைசிவரை இருவர்தான். எங்களிடம் இருந்த பெரிய சொத்து ஒரு டூ-இன்-ஒன். ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது, ஒரே ஒரு ஸ்பீக்கர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, அதை ஜன்னலில் வைத்துவிட்டு உட்காருவோம். நான் பரீட்சைத் தாள் திருத்துவேன், அவர் ஒரு வாரத்துச் சட்டைகளை இஸ்திரி போடுவார். தவில் அடி ஒன்று நன்றாக விழுந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டுவோம். அந்த டப்பாவிலிருந்து வந்த பாட்டு அவருக்கும் எனக்கும் ஒன்றாகவே வந்தது. அதன் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை.

அவர் கிண்டியில் ஒரு கம்பெனியில் படம் வரைகிற பிரிவில் இருந்தார். இயந்திரப் பாகங்களை வரைந்து வரைந்து, எதையும் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாத கை. தொண்ணூறுகளில் சேலையூரில் சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்ததும் அவருக்கு ஸ்டீரியோப் பித்துப் பிடித்தது. ரிச்சி தெருவில் உதிரி பாகங்கள் வாங்கி வந்து ஆம்ப்ளிபயரை அவரே கட்டி, ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயரையும் டேப் ரெக்கார்டரையும் அதில் மாட்டினார். வீட்டுக் கதவு ஜன்னல் செய்த ஆசாரி மிச்சப் பலகையில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி அடித்துக் கொடுத்தார். அவற்றைக் கூடத்தின் இரண்டு மூலையிலும் நிறுத்தி, நூல் பிடித்து அளந்து, சரியாக நடுவில் ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டார்.

"இங்க உக்காந்து கேளு. பாடறவர் நட்ட நடுவுல நிக்கிற மாதிரியே இருக்கும்" என்றார்.

உட்கார்ந்தேன். "எனக்கு அவர் காலண்டர் பக்கத்துல நிக்கறார்" என்றேன். காலண்டர் இடது சுவரில் இருந்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் பழைய இசைத்தட்டுகளும் தேய்ந்த கேசட்டுகளும் அந்த வேற்றுமையைப் பெரிதாகக் காட்டவில்லை. சத்தம் எந்த மூலையிலிருந்து வந்தால் என்ன, பாட்டு முழுசாக வந்துவிடும். அதனால் எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

வருத்தம் சிடியோடு வந்தது. அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் ஊரப்பாக்கத்தில் இருந்தார். முதலில் சிடி பிளேயர் வாங்கியவர் அவர்தான். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்தாலே பேச்செல்லாம் அதுதான். "மச்சான், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாப் பிரிஞ்சு நிக்கும்டா. வயலின் லெப்ட்ல, மிருதங்கம் ரைட்ல. சிஸ்டர், ஒரு தடவை இதைக் கேட்டுட்டீங்கன்னா அந்தப் பழைய டப்பாவெல்லாம் கோயில் மரத்துல கட்டின குழாய் ஸ்பீக்கர் மாதிரி இருக்கும்."

நான் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். வலது பக்கம் நிற்கிற மிருதங்கம் எனக்கு எதற்கு? எல்லாரும் புகழ்கிற அந்தப் பிரிவினைதான் என்னைப் பயமுறுத்தியது. இந்தப் பெட்டி வந்தால் ஞாயிற்றுக்கிழமை அவருடையதாகிவிடும். அவர் நடு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார். எதற்கு ஆட்டுகிறார் என்று எனக்குத் தெரியாது. நான் அடுப்படியில் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போக ஆரம்பிப்பேன். சீதனமாக வந்த பாத்திரம் பண்டம் எது போனாலும் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்விடுமோ என்றுதான் பயந்தேன்.

இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் வாங்காமலே இருந்துவிடுவார். எனக்காக ஒருவர் தன் ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு ஏசுநாதர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பதை என்னால் சகிக்க முடியாது. எனவே, "வாங்குங்க, வாங்குங்க" என்று நானே முதலில் கிளம்பினேன்.

மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். ஏ.சி. குளிரில் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் பெட்டிகள். எந்தப் பெட்டி நம் ஆம்ப்ளிபயரோடு ஒத்துப்போகும், சாயங்காலம் சேலையூரில் வோல்டேஜ் குறைந்தால் தாங்குமா, ஸ்டெபிலைசர் போட வேண்டுமா என்று அவர் குடைந்து குடைந்து கேட்டார். டை கட்டிய விற்பனையாளர் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்து, "நீங்களே கேட்டுப் பாருங்க சார்" என்று ஒரு தட்டைப் போட்டார். மாதிரி காட்டுவதற்கென்றே வந்த தட்டு. அதில் ஒரு ரயில் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் ஓடும். என் வீட்டுக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். தலை தானாக இடமிருந்து வலமாகத் திரும்பியது. முகத்தில் சின்னப் பிள்ளையின் சந்தோஷம்.

"மேடம், நீங்க?" என்று விற்பனையாளர் ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டார். ரயில் வந்தது. சக்கரம் தண்டவாளத்தில் தட்டுவது அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. நன்றாக நெருங்கி வந்தது. பாதி வழியில் தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போய்விட்டது. எஞ்சின் எங்கே, பெட்டிகள் எங்கே, ஒன்றும் இல்லை. ஹெட்போனில் செவிட்டுக் காதின் பக்கம் போகிற சத்தம் என்னைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

"எப்படி மேடம் போச்சு வண்டி?"

"தாம்பரத்துல கிளம்பிச்சு, குரோம்பேட்டையில நின்னுடுச்சு" என்றேன்.

விற்பனையாளர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. முகத்திலிருந்த சந்தோஷம் துடைத்துவிட்டதுபோல் போய்விட்டது. "அப்புறம் வர்றோம்" என்று வெளியே வந்துவிட்டார். வீடு வரும்வரை ஒரு சிக்னலில்கூட அவர் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அவர் சிடி பேச்சையே எடுக்கவில்லை. வாரங்கள் போயின. நண்பர் கேட்டால், "பார்க்கலாம்" என்பார். நான் கேட்டாலும், "பார்க்கலாம்". எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடைக்காரன் முன்னால் என்னால் தலைகுனிவா? அல்லது நான் பயந்த அந்தத் தியாகமா? எதுவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். "உங்களுக்கு ரெண்டு காது இருக்கு, நீங்க வாங்கிக் கேளுங்க. என்னைச் சாக்கா வெச்சுக்காதீங்க" என்று ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்தேன். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார். இப்படிப்பட்ட ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

சனிக்கிழமைகளில் நேரம் கழித்து வர ஆரம்பித்தார். கேட்டால் ஓவர்டைம் என்றார். வீட்டில் மருந்து டப்பாவில் வைத்திருந்த பஞ்சுச் சுருள் வேறு மெலிந்துகொண்டே போனது. டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைக்க எடுக்கிறார் என்று நினைத்து, அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், "புடவை மாத்திக்கிட்டு வா, சிடி பிளேயர் வாங்கப் போறோம்" என்றார்.

"நான் எதுக்கு?"

"நீ வராம வாங்க முடியாது."

இந்த முறை மவுண்ட் ரோட் இல்லை. தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு சின்னக் கடை. ஏ.சி. கிடையாது, மேசை விசிறி ஒன்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் படியேறியதும் கவுன்ட்டரில் இருந்தவர் வாயெல்லாம் பல்லாக எழுந்தார்.

"வா சார்! இன்னா, இன்னிக்குப் பஞ்சு இல்லாம வந்துகீறே?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் விசிறியைப் பார்த்தார்.

"மேடம், இவரு உங்க வூட்டுக்காரரா? சனிக்கிழமையானா வந்துடுவாரு மேடம். வலது காதுல பஞ்ச அடச்சுகினு, மேல ஹெட்போன மாட்டிகினு, ஒண்ணொண்ணா எல்லா மிசினையும் போடச் சொல்வாரு. இன்னா சார், காது வலியான்னா, இல்லப்பா நீ போடுன்றாரு. ஒரே ரயிலு தட்டு, கையோட கொண்டாருவாரு. அந்த ரயிலு சத்தம் கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பேஜாரா பூட்ச்சு. எங்க மொதலாளி இவருக்கு 'பஞ்சு சார்'னே பேரு வெச்சுட்டாரு."

ஓவர்டைம், பஞ்சுச் சுருள், ஊரப்பாக்கத்து நண்பர் இரவல் கொடுத்திருக்க வேண்டிய ரயில் தட்டு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. என் காதில் எப்படிக் கேட்கும் என்று தெரிந்துகொள்ள இந்த மனிதர் சனிக்கிழமை தவறாமல் இந்தக் கடைப் படி ஏறி இறங்கியிருக்கிறார். சிறுவயதிலிருந்து என் காதுக்காக உச்சுக் கொட்டியவர்கள் எத்தனையோ பேர். அந்தக் காதை வாங்கித் தன் காதில் மாட்டிப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா, எனக்காக வேண்டாம்னு குதிப்பே" என்றார். "பஞ்சு வெச்சுக்கிட்டுக் கேட்டா பெரிய விலை, சின்ன விலை எல்லாம் ஒண்ணுதான். எல்லாத்துலயும் வண்டி பாதியில நின்னுடுது. இது ஒண்ணுலதான் நிக்கலை. நீயே கேளு."

கடைக்காரர் எடுத்து வைத்த பெட்டி அப்படியொன்றும் அழகில்லை. முன்பக்கம் மைக் மாட்ட ஓட்டையெல்லாம் இருந்தது. கூடவே பாட ஆசைப்படுகிறவர்கள் விசேஷ வீடுகளுக்கு வாங்குகிற மாதிரி. அதில் ஓரமாக 'மோனோ' என்று எழுதிய ஒரு பொத்தான். அழுத்தினால் இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒன்றாகக் கலந்து இரண்டு பக்கமும் வரும். அவர் பொத்தானை அழுத்தி, ஹெட்போனை என் தலையில் மாட்டி, ரயிலை ஓடவிட்டார்.

வண்டி வந்தது. இடமிருந்து வலமெல்லாம் போகவில்லை, என் இடது காதிலேயேதான் இருந்தது. ஆனால் எஞ்சின், ஒவ்வொரு பெட்டி, கடைசிப் பெட்டி, அது போன பிறகு தண்டவாளத்தில் மிச்சமிருக்கிற அதிர்வு, எல்லாம் வந்தது. நடுவில் எங்கேயும் நிற்கவில்லை.

"எங்க வரைக்கும் போச்சு?" என்றார்.

"கடைசி ஸ்டேஷன் பீச் வரைக்கும்" என்றேன். கண் நிறைந்துவிட்டது. கடைக்காரர் பதறி, "இன்னா மேடம் ஆச்சு?" என்றார். விசிறிக் காற்றில் தூசி என்று சொன்னேன். அவர் பாவம், விசிறியைத் திருப்பி வைத்தார்.

வீட்டுக்கு வந்து மாட்டியபோது இன்னொரு கூத்து. அவசரத்தில் ஆம்ப்ளிபயரின் பின்னால் எந்த ஓட்டையில் செருகினாரோ, பாட்டைப் போட்டதும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் கரகரவென்று அலறியது. அவர் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை நாள் தேடி வாங்கியது நம் ஆம்ப்ளிபயரோடு ஒத்துப்போகவில்லையே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் பின்னால் போய்ப் பார்த்தேன். வாராவாரம் தூசி தட்டுகிறவள் நான்தானே. எது எதற்குரிய ஓட்டை என்று அவர் வரைந்து ஒட்டிய படம் எனக்கு மனப்பாடம். இசைத்தட்டு சுழற்றுகிற இயந்திரத்துக்கான ஓட்டையில் சிடியைச் செருகியிருந்தார். அந்த ஓட்டை மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்குவதற்கு உள்ளது. ஏற்கெனவே பலமாக வருகிற சிடியை அதில் விட்டால் அலறாமல் என்ன செய்யும்? பிடுங்கி, டேப் ரெக்கார்டருக்கான ஓட்டையில் செருகினேன். பாட்டு தெளிவாக வந்தது. "வரைஞ்சவருக்கே தெரியலை" என்று சொல்லிச் சொல்லி அந்த வாரம் முழுக்க அவரை ஓட்டினேன்.

அடுத்த ஞாயிறு ஊரப்பாக்கத்து நண்பர் கேட்க வந்தார். நடு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடியவர் உடனே திறந்தார். "என்னடா இது, எல்லாம் ஒரே கும்பலா வருது?" எழுந்து போய்ப் பார்த்தார். பொத்தான் கண்ணில் பட்டது. "அடப்பாவி, மோனோல போட்டு வெச்சிருக்கியே!" என்று விரலை நீட்டினார்.

"மச்சான், அதுல கை வைக்காதே" என்றார் இவர். குரல் உயரவில்லை. ஆனால் நண்பரின் விரல் அப்படியே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், என் காதைப் பற்றி அவருக்குத் தெரியும். திரும்பி வந்து உட்கார்ந்து, "சாரி சிஸ்டர். நல்லாத்தான் இருக்கு" என்றார். அவருக்கு இன்னும் இரண்டு துண்டு கறி அதிகமாகப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னிடமே இருந்தது. தாள் திருத்தினேன், அவர் இஸ்திரி போட்டார், ஒரே அடிக்கு இரண்டு பேரும் தலையை ஆட்டினோம். இதற்கு நான் கடவுளுக்கு நன்றி சொல்லாத ஞாயிறு கிடையாது. ஆனாலும் மனதின் ஒரு ஓரத்தில் ஒரு முள் இருந்தது. ஸ்டீரியோவுக்காக உயிரை விட்ட மனிதர், நூல் பிடித்து நாற்காலி போட்டவர், எனக்காக அதை மூட்டை கட்டி வைத்துவிட்டாரே என்று. நான் வீட்டில் இல்லாதபோதாவது அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு ஆசை தீரக் கேட்கிறார் என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்வேன். அப்படித்தான் கேட்க வேண்டும் என்று விரும்பவும் செய்தேன்.

ஒரு நாள் மழைக்காகப் பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். அவருக்கும் அன்று லீவு. குடையை மடக்கிக்கொண்டு கேட்டைத் திறக்கும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது. உள்ளே போனேன். நடு நாற்காலியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் வந்தது தெரியவில்லை. பாட்டின் ஓரிடத்தில் அவர் தலை ஆடியது. அதே இடத்தில் என் தலையும் ஆடியது. சந்தேகத்தோடு பெட்டியைப் பார்த்தேன். பொத்தான் உள்ளேதான் அழுந்தியிருந்தது.

"நான்தான் வீட்ல இல்லையே. எடுத்துட்டு நல்லாக் கேக்க வேண்டியதுதானே?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். நனைந்த என் புடவையைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"எடுத்துட்டும் கேட்டுப் பார்த்தேன்" என்றார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நீ கேக்காத பாட்டா இருக்கு."

செருப்பைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து அவருக்கு வலது பக்கம் போட்டு உட்கார்ந்தேன்.